கரும்பலகையில் ஒரு விமானக் கொட்டகை

அறுபதுகளின் தொடக்கத்தில் என் மனைவி புதூர்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தாள். நான் விமானப்படையில் ஃபிட்டராக இருந்து வெளியே வந்தவன். எஞ்சின் என் வேலையல்ல. இறக்கை, வால், உடல், சக்கரம் இவற்றைத்தான் பதினைந்து வருஷம் பார்த்துக்கொண்டேன். அவளுக்கு மலைமேல் மாற்றல் ஆனபோது, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நானும் கூட ஏறினேன். ஜவ்வாது மலையில் ஃபிட்டருக்கு வேலை ஏது? ஊரில் என்னை "வாத்தியாரம்மா வூட்டுக்காரர்" என்றுதான் சொன்னார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அவளுக்குச் சிறு வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறது. காய்ச்சல் போய்விட்டது, ஆனால் இதயத்தில் ஒரு வால்வைக் குறுக்கிவிட்டுப் போயிருந்தது. பிள்ளை பெறுவது ஆபத்து என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதைத் தெரிந்தேதான் நாங்கள் கல்யாணம் செய்துகொண்டோம். மலைக்கு வந்த புதிதில் அவள் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் சாதாரணமாக நடந்தாள். மேடு ஏறும்போது மட்டும் நின்று, புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல மூச்சு வாங்கிக்கொள்வாள். கூட வருகிறவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

ஒரு கோடையில், பலாப்பழம் பழுக்கிற சமயம், எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் என் பழைய அதிகாரி. வேலையில் இருந்தபோது பல வருஷம் அவருக்குக் கீழேதான் இருந்தேன். கீழே சமவெளியில், உலக யுத்தகாலத்தில் போட்ட ஓடுதளம் ஒன்றில் பயிற்சி நிலையம் நடந்தது. இப்போது அதற்கு அவர்தான் பொறுப்பு. திருப்பத்தூரில் என் தங்கை வீட்டில் விசாரித்துக்கொண்டு, புழுதியெல்லாம் தின்று மலை ஏறி வந்திருந்தார்.

என் மனைவி வெல்லம் போட்ட காப்பி கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். நிலையத்தில் ஒரு பெரிய கொட்டகை காலியாக இருந்தது. நாங்கள் அதை ஹாங்கர் என்போம். பறக்கும் காலம் முடிந்த பழைய விமானங்கள் பதினொன்று வெளியே வெயிலில் நின்றன. அவற்றை உள்ளே நிறுத்தி, பயிற்சிக்கு வரும் பையன்களும் வெளி ஜனங்களும் வந்து பார்க்கும்படி ஓர் அருங்காட்சியகம் ஆக்க அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது.

"அட்டையில வெட்டி வச்சுப் பாத்தோம். ஒன்பதுதான் உள்ள போகுது. ரெண்டு வெளிய நிக்குது" என்றார்.

"நேராவே தள்ளிப் பாக்கலாமே சார்?" என்றேன்.

"எத்தனை தடவ தள்ளறது? ஒவ்வொண்ணுக்கும் பத்து ஆளு வேணும். ஒரு எடத்துல ரெக்க இடிச்சா முடிஞ்சது. நீங்க அந்தக் காலத்துல மரத்துல செய்வீங்களே, அந்த மாதிரி செஞ்சு குடுங்க. மேசையில வச்சு நகத்திப் பாத்துடலாம்."

யுத்த சமயத்தில், தூரத்தில் பறக்கும் விமானம் நம்முடையதா எதிரியுடையதா என்று வடிவத்தைப் பார்த்துச் சொல்லப் பையன்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். அதற்காக மரத்தில் சிறிய விமானங்கள் செதுக்கி, கறுப்புச் சாயம் அடித்து, வகுப்பறைக் கூரையில் தொங்கவிடுவோம். ஆறடிக்கு ஓர் அங்குலம் என்பது கணக்கு. அந்த வேலையை நான் நன்றாகச் செய்வேன் என்று பெயர் இருந்தது. ஆனால் அது பழைய கதை. கை எப்படியிருக்குமோ என்று நான் தயங்கினேன்.

என் மனைவி சமையல்கட்டு நிலையில் நின்றபடி சொன்னாள்: "மத்தியானம் பூரா ஒக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. செய்யிங்களேன்."

அதிகாரி சிரித்தார். கொட்டகையின் வரைபடத்தையும் ஒவ்வொரு விமானத்தின் அளவுகளையும் வைத்துவிட்டுப் போனார்.

மரம் வேண்டும். பள்ளிக்கூடத்தை ஒட்டிய கொல்லை, அதாவது புன்செய் நிலம், ஒரு மலைக்கவுண்டருடையது. சாமையும் கேழ்வரகும் போடுவார். என் வயதுதான் இருக்கும். அவர் காய்ந்த பாலை மரத்துண்டு இரண்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்து போட்டார். பாலை வெள்ளையாக, இழை இல்லாமல், கத்திக்கு வெண்ணெய்போல இழையும் மரம்.

"இன்னா செய்யப் போறீங்க?"

"ஏரோப்ளேன்."

"பறக்குமா?"

"பறக்காது. சின்னது. நெஜ ஏரோப்ளேன எந்த எடத்துல நிறுத்தறதுன்னு இத வச்சுப் பாக்கறதுக்கு."

"கொட்டாய்க்குள்ள மாடு அத்தினியும் அடங்குமான்னு பாக்கற மாதிரி" என்றார். நான் ஆமாம் என்றேன். அதன்பின் அவருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இருக்கவில்லை. போகிற வழியில் தினமும் எட்டிப் பார்த்து, "எத்தினி மாடு ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கரும்பலகை வந்திருந்ததால் மூலை பெயர்ந்த பழைய பலகை எங்கள் வீட்டில் கிடந்தது. அதில் கொட்டகையின் தரையை என் மனைவிதான் சாக்பீஸால் வரைந்தாள். கோடு போடுவதில் என் கையைவிட அவள் கை நேர்த்தி. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் மட்டும் கதவு. கூரை நடுவில் உயரம், ஓரங்களில் தாழ்வு. அதனால் மூங்கில் பட்டையை வளைத்து, கூரை எந்த இடத்தில் எவ்வளவு தாழும் என்று காட்ட வளைவுகள் செய்துகொண்டேன். உயரமான வால் உள்ள விமானம் ஓரத்தில் நின்றால் அந்த மூங்கிலில் இடிக்கும்.

முதலில் செதுக்கியது டகோட்டா. இரட்டை எஞ்சின், ஆட்களையும் சரக்கையும் ஏற்றும் பெரிய விமானம். நான் அதிகம் வேலை பார்த்ததும் அதில்தான். கை முதல் இரண்டு நாள் சொன்னபடி கேட்கவில்லை, பிறகு கேட்டது. அதற்குப் பிறகு சண்டை விமானங்கள், இரட்டை அடுக்கு இறக்கை கொண்ட பயிற்சி விமானம், தலைக்குமேல் இறக்கை வைத்த சின்ன விமானம் என்று ஒவ்வொன்றாகச் செய்தேன். மழைக்காலம் முழுவதும் வீட்டில் மரச்சீவல் வாசனைதான்.

அந்த மழைக்காலத்தில்தான் அவளுக்கு முடியாமல் போயிற்று. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்க முடிந்தது. கணுக்கால் வீங்கியது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் என்னை உட்காரவைத்து, தாளில் படம் போட்டு விளக்கினார். குறுகிய வால்வுக்குள் விரலை விட்டு அகலப்படுத்துவார்களாம். இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே செய்வார்களாம். நான் வாழ்நாளில் சக்கரங்களிலும் பிரேக் குழாய்களிலும் எத்தனையோ வால்வுகளைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். அந்த வார்த்தையை அந்த அறையில் அப்படிக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

மாசி மாதத்தில் ஆபரேஷன் என்று சொன்னார்கள். அதுவரை மருந்து, உப்பில்லாத சாப்பாடு, ஓய்வு. திருப்பத்தூரிலேயே தங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளை விட்டால் வேறு வாத்தியார் இல்லை. லீவு போட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள், மூடினால் பிள்ளைகள் மாடு மேய்க்கப் போய்விடுவார்கள், திரும்ப அழைத்து வருவது கஷ்டம் என்றாள். கடைசியில் பள்ளிக்கூடம் எங்கள் வீட்டுக்கு வந்தது. பிள்ளைகள் நடையிலும் வாசலிலும் உட்கார்ந்தார்கள். அவள் கட்டிலில் சாய்ந்தபடி பாடம் சொன்னாள். குரல் எட்டாதபோது முன் வரிசைப் பிள்ளைகள் அவள் சொன்னதைப் பின்வரிசைக்குச் சொல்லிவிடும்.

பிள்ளைகள் போனபின், சாயங்கால வெளிச்சம் இருக்கும்வரை, கரும்பலகையைக் கட்டிலின் குறுக்கே வைத்து விமானங்களை நகர்த்துவோம். அவள் வானத்தில் போகும் விமானத்தைத் தவிர வேறு விமானம் பார்த்ததில்லை. பெயர்களெல்லாம் அவளுக்கு வாயில் நுழையவில்லை, அவளாகவே பெயர் வைத்தாள். டகோட்டா தாய்க்கோழி. மூக்கு நீண்ட சண்டை விமானம் கோபக்காரன். இறக்கை மேலே உள்ள சின்னது குட்டையன்.

அதிகாரி சொன்னபடியே ஒன்பதுதான் அடங்கியது. எப்படி மாற்றினாலும் இரண்டு வெளியே நின்றன. கதவு ஒரே பக்கம் என்பதால் வரிசையும் முக்கியம். முதலில் போகிறது கடைசிச் சுவரோரம் நிற்கும். அதைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் வெளியே எடுக்கவேண்டும்.

ஒருநாள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "பாக்க வர்றவங்க எங்க நிப்பாங்க?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. அட்டையில் வெட்டிய அதிகாரிகளும் அதை யோசித்ததாகத் தெரியவில்லை. விமானங்கள் அடங்கினால் போதும் என்றுதான் எல்லோரும் பார்த்தோம்.

"கதவுகிட்ட நின்னு பாப்பாங்க" என்றேன்.

"பின்னாடி நிக்கறத எப்பிடிப் பாப்பாங்க? கோபக்காரன் வாலக்கூடப் பாக்க முடியாதே."

எழுந்து போய் டப்பாவிலிருந்து ஒரு பிடி துவரை எடுத்து வரச் சொன்னாள். ஒரு துவரை ஓர் ஆளின் தோள் அகலம். கணக்குப் பார்த்தேன், ஏறக்குறைய சரியாகவே இருந்தது. இரண்டு பேர் எதிரெதிராகக் கடந்து போகும்படி கதவிலிருந்து தொடங்கி, விமானங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து, திரும்பக் கதவுக்கே வரும் ஒரு பாதையைத் துவரையால் போட்டாள். அந்தப் பாதைக்கு இடம் விட்டதில் இன்னும் இரண்டு விமானங்கள் வெளியே போயின. இப்போது ஏழுதான் உள்ளே.

எனக்குக் கோபம் வந்தது. "ஜனங்களுக்காக ஏரோப்ளேன மழையில நிறுத்தச் சொல்றியா?"

"யாரும் பாக்கலன்னா உள்ள இருந்தா இன்னா, வெளிய இருந்தா இன்னா?" என்றாள். மூச்சு வாங்கியதால் இரண்டு தவணையாகச் சொன்னாள். நான் துவரையைக் கலைக்காமல் விட்டேன்.

வழி கிடைத்தது தற்செயலாகத்தான். மறுவாரம் ஒரு சாயங்காலம் பலகை மடியில் இருக்கும்போதே அவள் கண் அயர்ந்துவிட்டாள். பலகை சாய்ந்தது. விமானங்கள் சறுக்கிக் கட்டிலோரம் போய்க் குவிந்தன. எழுப்பக்கூடாது என்று மெதுவாகப் பலகையை எடுக்கப் போனவன், அப்படியே நின்றேன். கோபக்காரனின் இறக்கை தாய்க்கோழியின் இறக்கைக்குக் கீழே நுழைந்திருந்தது. இடிக்கவில்லை. டகோட்டா தரையில் நிற்கும்போது அதன் இறக்கை நுனி மேலே தூக்கியிருக்கும். நான் செதுக்கும்போது அந்தச் சாய்வையும் வைத்துத்தான் செதுக்கியிருந்தேன். அட்டையில் உயரம் கிடையாது. ஒன்றின்மேல் ஒன்று வந்தால் அட்டை இடிக்கும் என்றே சொல்லும். மரம் அப்படிச் சொல்லவில்லை.

அவள் விழித்ததும் காட்டினேன். குட்டையனை எடுத்து, அதன் உயரமான இறக்கையை வேறொரு சண்டை விமானத்தின் இறக்கைக்கு மேலே அவளே கொண்டுவந்து வைத்தாள். "இதோ பாருங்க, கோழி குஞ்சுங்கள அணைக்கற மாதிரி" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த களை எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

தை பிறப்பதற்குள் பதினொன்றும் உள்ளே வந்துவிட்டன, பாதையையும் தொடவில்லை. பழைய விமானங்களின் டயரில் காற்று இறங்கும், இறங்கினால் மேல் இறக்கை கீழ் இறக்கையின்மேல் உட்கார்ந்துவிடும் என்று எனக்குப் பயம் இருந்தது. அதனால் அச்சுக்குக் கீழே முட்டுக்கட்டை கொடுக்கவேண்டும் என்று அதற்கும் மரத்தில் சிறு துண்டுகள் செய்தேன். அதிகாரிக்குச் சொல்லி அனுப்பினோம்.

மாசியில் ஜீப் வந்தது. விமானங்களை உள்ளே ஏற்றும் நாளில் நான் இருக்கவேண்டும் என்று அதிகாரி விரும்பினார். ஆஸ்பத்திரியில் சேரவேண்டிய நாளும் அதையொட்டியே இருந்தது.

"நானும் வர்றேன். பாத்துட்டு அப்பிடியே ஆஸ்பத்திரிக்குப் போய்டலாம்" என்றாள் அவள்.

பிள்ளைகளிடம் ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிக் கிளம்பினாள். மலைக்கவுண்டர் ஜீப்பின் பின்சீட்டில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்துக் கொடுத்தார். "பள்ளத்துல மெதுவா வுடு" என்று டிரைவரிடம் பலமுறை சொன்னார்.

கொட்டகை வாசலில், வெயில் படாத இடத்தில், அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். மடியில் கரும்பலகை. ஸ்வெட்டர் போட்டிருந்தாள். விமானங்களைத் தள்ள வந்த படைப் பையன்கள் முதலில் இந்த அம்மாள் யார் என்று பார்த்தார்கள். உள்ளே இறக்கைகளுக்கு நடுவில் நிற்க வேண்டியிருந்ததால் வரிசை சொல்லும் வேலையை நான் அவளிடமே விட்டேன். அவள் பலகையைப் பார்த்து, "இப்ப கோபக்காரன்" என்பாள். அது எந்த விமானம் என்று நான் பையன்களுக்குக் கத்திச் சொல்வேன். மதியத்துக்குள் பையன்களே அந்தப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "அம்மா, அடுத்தது குட்டையனா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

டகோட்டாவின் இறக்கைக்குக் கீழே சண்டை விமானத்தை அங்குலம் அங்குலமாகத் தள்ளினார்கள். அது நின்றபின் இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே என் கையை நீட்டிப் பார்த்தேன். கை தாராளமாகப் போயிற்று. அதிகாரி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் உள்ளே போனபின் வெள்ளைச் சாயத்தால் தரையில் பாதையைப் போட்டார்கள். அது காய்வதற்குள்ளேயே அவள் நடந்து பார்க்கவேண்டும் என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். டகோட்டாவின் பக்கத்தில் நின்றுவிட்டாள். அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஜில்லுன்னு கீது" என்றாள். பிறகு, "நான் நெனச்சத விட ரொம்பப் பெருசுங்க" என்றாள்.

பாதி வழியில் அவளுக்கு முடியவில்லை. ஒரு பையன் ஓடிப்போய் நாற்காலியை எடுத்து வந்தான். அதில் உட்காரவைத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு மிச்சப் பாதையையும் சுற்றி வந்தார்கள். அவள் வெட்கப்பட்டாள், ஆனாலும் இறங்குகிறேன் என்று சொல்லவில்லை. இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அங்கிருந்து நேராக வேலூர் போனோம். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், எனக்குத் தைரியம் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "அஞ்சாங்கிளாசுக்குப் பின்னக்கணக்கு இன்னும் முடிக்கல" என்றாள். "வந்து முடிச்சுக்கலாம்" என்றேன். "பெரியவங்க ரெண்டு பேருக்குத் தெரியும். மத்ததுங்கதான் கீழ இருக்கறத மேல எழுதிடுதுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். கொஞ்சநேரம் கழித்து நர்ஸ் வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு என்னை வெளியே போகச் சொன்னார்கள். டாக்டர்கள் ஓடிவந்தார்கள். ரொம்ப நேரம் முயன்றார்கள். கதவைத் திறந்து வெளியே வந்த டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

திருப்பத்தூரில் காரியங்களை முடித்துக்கொண்டு மலைக்குத் திரும்பினேன். செய்தி எனக்கு முன்னாலேயே போயிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் பிள்ளைகள் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வரச் சொல்லவில்லை. பள்ளிக்கூட நேரம் என்பதால் வந்திருக்கிறார்கள். உள்ளே போய்ச் சாக்பீஸை எடுத்து வந்து, அவர்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, ஒரு பின்னக்கணக்குப் போட முயன்றேன். முதல் வரியை எழுதிவிட்டு நிறுத்தினேன். ஒரு பெண்பிள்ளை என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, தானே எழுதிப் போட்டது.

கோடைக்குப் பின் புது வாத்தியார் வந்தார். அது பள்ளிக்கூடத்து வீடு, அவருக்கு விடவேண்டும். நான் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். மலைக்கவுண்டர் வந்து நின்றார்.

"எங்க போறீங்க?"

"தங்கச்சி வூட்டுக்கு."

"அங்க இன்னா செய்வீங்க?"

"தெரியல."

"என் கொல்லையில ஒரு வூடு சும்மாதான் கீது. கூரை மட்டும் போடணும். இருங்க" என்றார். நான் பதில் சொல்வதற்குள் இரண்டு பெட்டிகளில் ஒன்றை அவர் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். அப்படித்தான் நான் மலையிலேயே தங்கினேன். பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சுகள் செய்தேன், ஏர் பழுது பார்த்தேன், கதவுகள் போட்டேன்.

அருங்காட்சியகம் திறந்தார்கள். அதிகாரி ஜீப் அனுப்பினார். நான் போகவில்லை. கரும்பலகையையும் மர விமானங்களையும் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்றும், சுற்றுப்பட்ட பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகளை லாரியில் அழைத்து வருகிறார்கள் என்றும் டிரைவர் சொன்னான். கேட்டுக்கொண்டேன்.

அறுபத்தைந்தில் யுத்தம் வந்தது. சண்டை வடக்கே நடந்தாலும் எங்கும் பரபரப்பாக இருந்தது. ஒருநாள் அதே டிரைவர் ஜீப்பில் வந்தான். கொட்டகை உடனே வேண்டுமாம். பறக்கிற விமானங்கள் வருகின்றன, அவற்றுக்கு இடமில்லை. உள்ளே இருக்கும் பதினொன்றையும் வெளியே எடுக்கவேண்டும்.

"நாங்களே எடுத்தா இடிச்சிடும்னு சார் சொல்றாரு. ஒங்களக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாரு" என்றான்.

நான் போனேன். அவளோடு பார்த்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தேன். பையன்கள் எல்லாம் புதியவர்கள். அவர்களுக்குத் தாய்க்கோழியையும் தெரியாது, கோபக்காரனையும் தெரியாது. நான் வாலில் எழுதியிருந்த எண்களைச் சொன்னேன். கடைசியாகப் போனது முதலில் வந்தது. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது, அவள் நாற்காலியிலிருந்து எந்தக் குரலில் அதை உள்ளே அனுப்பினாள் என்று எனக்குக் கேட்டது. டகோட்டாவின் இறக்கைக்குக் கீழிருந்து சண்டை விமானத்தை இழுத்தபோது மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னேன். கையை நீட்டிப் பார்த்தேன். இடைவெளி அப்படியே இருந்தது. முட்டுக்கட்டைகள் தங்கள் வேலையைச் செய்திருந்தன.

சாயங்காலத்துக்குள் கொட்டகை காலியாகிவிட்டது. அந்தப் பெரிய வெற்றுத் தரையில் வெள்ளைக் கோடுகளுக்குள் பாதை மட்டும் வளைந்து வளைந்து கிடந்தது. ஜனங்களின் கால்பட்டு அது மட்டும் கறுத்து மெழுகியதுபோல இருந்தது. எதைச் சுற்றிக்கொண்டு அது அப்படி வளைகிறது என்று புதிதாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரு பையன், "இது இன்னா கோடு சார்?" என்று கேட்டான். "நடக்கறதுக்கு" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு, வரப்போகும் விமானத்துக்காகச் சக்கரக் கட்டைகளை அதன்மேல் கொண்டுவந்து போட்டான்.

அதிகாரி என் பக்கத்தில் வந்து நின்றார். ரொம்பக் களைத்திருந்தார். "யுத்தம் முடியட்டும். திரும்ப வச்சிடலாம்" என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார். யுத்தம் முடிந்தபின் அவருக்கு மாற்றல் வந்தது. கொட்டகையைத் திரும்பத் தரவில்லை. பதினொன்றும் சில மழைக்காலம் வெளியில் நின்று, துணி கிழிந்து, தகடு பூத்து, கடைசியில் பழைய உலோகமாகப் போய்விட்டன. கண்ணாடிப் பெட்டி எங்கே போயிற்று என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

அன்று விமானங்களை வெளியே எடுத்து முடித்த மறுநாள், திருப்பத்தூரிலிருந்து விறகு லாரியில் மலை ஏறினேன். மலைக்கவுண்டர் கொல்லையில் சாமைக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தார். அரிவாளை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அத்தினியும் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"எங்க நிறுத்தனீங்க?"

"வெளியில. வரிசையா."

மேற்கே மேகம் கறுத்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அறுத்த கதிர் நனையாமல் உள்ளே போகவேண்டும் என்று எழுந்தார். நானும் எழுந்து, ஒரு கதிர்க்கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.